பட்டமா, பட்டறையா? அமெரிக்காவின் முதல் பெருநிறுவனங்களில் மேலே ஏறிய வழிகள்

பாஸ்டன் நகரில் அப்போது இருந்த எம்.ஐ.டி. என்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் 1895ஆம் ஆண்டு மின்பொறியியல் பட்டம் பெற்றவர்களில் ஜெரார்டு ஸ்வோப், ஆல்ஃபிரட் ஸ்லோன் என்று இருவர் இருந்தார்கள். ஸ்வோப் 1922இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் தலைவரானார். அடுத்த ஆண்டே ஸ்லோன் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரானார். கல்லூரிப் படிப்பு பெருநிறுவனத்தின் உச்சிக்குக் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா என்று தோன்றும். ஆனால் அதே காலத்தில் யு.எஸ். ஸ்டீலைப் பாருங்கள். நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட மூலதனத்துடன் தொடங்கிய உலகின் முதல் நிறுவனம் அது. 1901 முதல் 1932 வரை அதன் தலைவர்களாக இருந்த சார்லஸ் ஷ்வாப், வில்லியம் கோரி, ஜேம்ஸ் ஃபாரெல் ஆகிய மூவரிடமும் கல்லூரிப் பட்டம் கிடையாது. மூவரும் பதின்ம வயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர்கள்.

பிள்ளையைப் படிப்பு முடிந்ததும் வேலைக்கு அனுப்புவதா, மேலே எம்.பி.ஏ. படிக்க வைப்பதா என்று நம் வீடுகளில் நடக்கும் பேச்சுக்கு வேர் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. மேலாளர் என்ற சம்பளக்கார வர்க்கம் உருவானதும், அதற்குள் நுழையப் படிப்பு தேவையா என்ற கேள்வி எழுந்ததும் அமெரிக்க ரயில்வே, எஃகு, மின்சாரம், வேதியியல் நிறுவனங்களில்தான். ஆகவே 1900ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்த பதினேழு வயது அமெரிக்க இளைஞன் ஒருவனின் இடத்தில் நின்று, அவன் முன்னால் இருந்த வழிகளை எடைபோட்டுப் பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இளைஞன் என்னிடம் கேட்டிருந்தால், பொறியியல் பட்டம் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு கூச்சப்படாமல் தினக்கூலி வேலையிலிருந்து தொடங்கு என்று சொல்லியிருப்பேன். வெறும் பட்டமும் போதாது, வெறும் உழைப்பும் போதாது என்பதற்கு அந்தக் காலத்தின் வாழ்க்கைக் கதைகளே சாட்சி.

ஆலைக்குள் நேராக நுழைவது

இந்த வழிக்குச் செலவில்லை. முதல் நாளிலிருந்தே கூலி கிடைக்கும். ஷ்வாப் 1879இல் பிட்ஸ்பர்க் அருகே பிராடக்கில் எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் எட்கர் தாம்சன் எஃகு ஆலையில் சேர்ந்தார். நில அளவைக்கு முளைக்குச்சி அடிக்கும் வேலை, நாளுக்கு ஒரு டாலர் கூலி. பத்து ஆண்டுகளில் அந்த ஆலைக்கே கண்காணிப்பாளர் ஆனார். 35 வயதில் கார்னகி ஸ்டீலின் தலைவர், 39 வயதில் யு.எஸ். ஸ்டீலின் தலைவர். கார்னகியே இந்த வழியில் வந்தவர்தான். 1853இல் பென்சில்வேனியா ரயில்வேயின் அதிகாரி தாமஸ் ஸ்காட் அவரை மாதம் 35 டாலர் சம்பளத்தில் தந்தி எழுத்தராக அமர்த்திக்கொண்டார். ஆறே ஆண்டுகளில் கார்னகி அதே ரயில்வேயில் ஒரு கோட்டத்தின் கண்காணிப்பாளர் ஆகிவிட்டார்.

இந்தக் கதைகளை மேடையில் சொல்பவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். முதலாவது, ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு கை இருந்தது. கார்னகிக்கு ஸ்காட். ஷ்வாபுக்கு ஆலைக் கண்காணிப்பாளர் கேப்டன் பில் ஜோன்ஸ். ஷ்வாப் மளிகைக் கடையில் வேலை பார்த்தபோது அங்கே சாமான் வாங்க வந்தவர் அவர். 1889இல் உலை வெடித்து ஜோன்ஸ் இறந்த பிறகே அந்த நாற்காலி 27 வயது ஷ்வாபுக்கு வந்தது. மேலதிகாரி ஒருவரின் கண்ணில் படுவதைப் பொறுத்து வாழ்க்கையே அமைகிற வழியைத் திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, பட்டம் இல்லாதவர்கள் என்றாலும் இவர்கள் படிக்காதவர்கள் அல்லர். ஷ்வாப் வீட்டிலேயே சிறு ஆய்வுக்கூடம் வைத்து எஃகின் வேதியியலைக் கற்றுக்கொண்டார். கோரி பதினாறு வயதில் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் படித்தார். எஃகு ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலை நாள் 1923 வரை நீடித்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உலை முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நின்றவன் வீடு திரும்பி வேதியியல் புத்தகத்தைத் திறப்பது எத்தனை பேரால் முடிகிற காரியம்? ஒரு ஷ்வாபின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அவரோடு அதே காலத்தில் அதே ஒரு டாலருக்கு உழைத்த ஆயிரக்கணக்கானோர் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. உழைத்தால் எவரும் உயரலாம் என்று அந்தக் காலத்து முதலாளிகள் சொல்லிவந்ததை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம்.

கல்லூரிப் படிப்பு வணிகத்துக்கு உதவாது என்று வெளிப்படையாகப் பேசிவந்த கார்னகியே 1900இல் பிட்ஸ்பர்க்கில் தொழில்நுட்பப் பள்ளிகள் தொடங்கப் பணம் கொடுத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பொறியியல் பட்டத்தோடு நுழைவது

இந்த வழியை முதலில் திறந்தவை ரயில்வேக்கள். அமெரிக்காவின் முதல் பொறியியல் கல்வி வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில்தான் கிடைத்தது. அங்கே படித்த அதிகாரிகள் பலர் ரயில் பாதை போடப் போனார்கள். அதன் பிறகு 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக அரசு நிலங்களை ஒதுக்கியது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்த கல்லூரி, ஊர்ப்புறத்து நடுத்தர வீடுகளுக்கும் எட்டியது இதனால்தான்.

பட்டம் இருந்ததால் முதல் நாளே மேசை கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். ரென்சலேர் பாலிடெக்னிக்கில் 1859இல் பட்டம் பெற்ற அலெக்சாண்டர் கசாட், பென்சில்வேனியா ரயில்வேயில் 1861இல் சேர்ந்தது அளவுகோல் பிடிக்கும் வேலையில். வசதியான குடும்பத்துப் பிள்ளை அவர். 1899இல் அதே ரயில்வேக்குத் தலைவரானார். ஹட்சன் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டி ரயிலை மன்ஹாட்டனுக்குள் கொண்டுபோகும் பெரும் வேலையைத் தொடங்கிவைத்தவர் அவர்தான். ஸ்வோப்பும் மாணவராக இருந்தபோது, 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக் காலத்தில், ஜெனரல் எலக்ட்ரிக்கில் உதவியாளராக நாளுக்கு ஒரு டாலருக்குத்தான் வேலை பார்த்தார். ஷ்வாப் வாங்கிய அதே ஒரு டாலர். கூலி ஒன்றாக இருந்தாலும் ஷ்வாப் இரவில் தனியாகத் தேடிக்கொண்ட அறிவு ஸ்வோப்புக்கு வகுப்பறையிலேயே கிடைத்தது.

ஜெனரல் எலக்ட்ரிக் இதை ஓர் ஏற்பாடாகவே மாற்றியது. ஸ்கெனெக்டடி, லின் ஆகிய ஊர்களில் இருந்த அதன் ஆலைகளில் 'டெஸ்ட்' என்று அழைக்கப்பட்ட பயிற்சி இருந்தது. பொறியியல் பட்டதாரிகள் குறைந்த கூலிக்கு அங்கே சேர்ந்து, ஆலையிலிருந்து வெளியே போகவிருக்கும் மோட்டாரையும் ஜெனரேட்டரையும் ஓட்டிப் பார்த்து, அளவீடுகளைக் குறித்து, கோளாறு இருந்தால் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பிரிவில் சில மாதங்கள் முடிந்ததும் அடுத்த பிரிவு. கையில் எண்ணெய்க் கறையோடு நிறுவனத்தின் எல்லாச் சரக்கையும் தெரிந்துகொண்ட பிறகே ஒருவர் வடிவமைப்புக்கோ விற்பனைக்கோ நிர்வாகத்துக்கோ போனார். வெஸ்டிங்ஹவுஸும் இப்படி ஒரு பட்டதாரிப் பயிற்சி நடத்தியது. கல்லூரி முடித்துவிட்ட இளைஞனின் தலைக்கனத்தைக் குறைக்கவும், அவனை நிறுவனத்தின் ஆளாக மாற்றவும் இதைவிடச் சிறந்த வழி அந்தக் காலத்தில் எனக்குத் தெரியவில்லை.

பொறியாளரின் மூளை நிர்வாகத்துக்கு ஏன் பொருந்தியது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வர்ஜீனியா பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் படித்த டொனால்ட்சன் பிரவுன் 1909இல் டூபான்ட் நிறுவனத்தில் வெடிமருந்து விற்பவராகச் சேர்ந்தார். நிதித் துறைக்கு வந்த பிறகு அவர் போட்ட ஒரு கணக்கு இன்றும் நிர்வாகப் பாடங்களில் இருக்கிறது. விற்பனையில் எத்தனை சதவீதம் இலாபம் என்பதை முதலீடு விற்பனையாக எத்தனை முறை சுழல்கிறது என்பதால் பெருக்கினால், முதலீட்டின் மீதான வருவாய் கிடைக்கும். ஒரு தொழிற்சாலை 100 டாலர் விற்பனையில் 20 டாலர் இலாபம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அதில் போட்ட முதல் 200 டாலர். வருவாய் 10 சதவீதம்தான். இன்னொன்று 100 டாலர் விற்பனையில் 5 டாலர்தான் காட்டுகிறது. ஆனால் போட்ட முதல் 25 டாலர்தான். வருவாய் 20 சதவீதம். இலாபத்தை மட்டும் பார்க்கும் வியாபாரி முதல் தொழிற்சாலையைப் பாராட்டுவார். பிரவுனின் கணக்கு இரண்டாவதைப் பாராட்டும், முதலாவதில் எந்தப் பகுதி சுணங்குகிறது என்றும் காட்டிவிடும்.

டூபான்ட்டின் தலைமையிடமான வில்மிங்டனில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் படாத பல தொழிற்சாலைகளை ஆள வேண்டியவருக்கு இந்தக் கணக்கு எப்பேர்ப்பட்ட கருவி! ஆட்களின் முகம் பார்த்து நிர்வாகம் செய்த ஜோன்ஸுக்கு அது தேவைப்படவில்லை. நிறுவனம் ஒரே ஆலையாக இருக்கும்வரை ஆலையில் வளர்ந்தவரே நல்ல மேலாளர். அது பல மாநிலங்களில், பல சரக்குகளோடு பரவியதும், பார்க்காத இடத்தைக் காகிதத்தில் புரிந்துகொள்ளத் தெரிந்தவர் மேலே போனார். உயர்கல்வி மேலாளர் வேலைக்குள் வந்ததற்கு அடிப்படைக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு வந்த மரியாதைகள்.

ஜெனரல் மோட்டார்ஸின் கதை இதை அப்படியே காட்டுகிறது. அதை உருவாக்கிய வில்லியம் டியூரன்ட் பள்ளியைக்கூட முடிக்காத மகா விற்பனையாளர். நிறுவனங்களை வாங்கிக் குவித்தார். 1920இல் கார் விற்பனை சரிந்தபோது பிரிவுகளின் கையிருப்புச் சரக்கு கட்டுக்கடங்காமல் கிடந்தது. அவர் வெளியேற, எம்.ஐ.டி.யில் வேதியியல் படித்த பியர் டூபான்ட் தலைமைக்கு வந்தார். பிரவுனையும் அங்கே கொண்டுவந்தார்கள். பிறகு ஸ்லோன் வந்தார். பிரிவுகளுக்குச் சுதந்திரம், தலைமையிடத்துக்குக் கணக்கு என்ற அமைப்பு அப்போது பிறந்ததுதான். எண்ணெய்த் தொழிலிலும் இதே திருப்பம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த வால்டர் டீகிள் 1917இல் நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலின் தலைவரானார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முனைவர் பட்டம் பெற்ற வில்லியம் பர்ட்டன், கச்சா எண்ணெயிலிருந்து கூடுதல் பெட்ரோல் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்துவிட்டு, 1918இல் இந்தியானா ஸ்டாண்டர்ட் ஆயிலின் தலைவரானார். ஜெர்மனி இதில் இன்னும் முந்திக்கொண்டது. 1880களிலேயே பேயர் நிறுவனத்தில் வேதியியல் முனைவராகச் சேர்ந்த கார்ல் டூயிஸ்பெர்க் 1912இல் அதன் தலைமை நிர்வாகியாக இருந்தார்.

இந்த வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஸ்லோனுக்கு எம்.ஐ.டி. பட்டம் மட்டும் போதவில்லை. அவர் மாதம் 50 டாலருக்கு வரைவாளராகச் சேர்ந்த ஹையாட் உருளைத் தாங்கி நிறுவனம் மூழ்க இருந்தபோது, அவருடைய தந்தையும் இன்னொருவரும் 5,000 டாலர் போட்டுத்தான் அதைக் காப்பாற்றினார்கள். பட்டத்துக்குப் பின்னால் அப்பாவின் பணப்பையும் இருந்தது.

இன்னொரு குறை அதைவிடப் பெரியது. ஈடித் கிளார்க் 1919இல் எம்.ஐ.டி.யில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற முதல் பெண். அவருக்குப் பொறியாளர் வேலை தர ஜெனரல் எலக்ட்ரிக் முன்வரவில்லை. கணக்குப் போடும் பெண்களை மேற்பார்வை செய்யும் வேலைதான் கிடைத்தது. அதை விட்டுவிட்டு இஸ்தான்புல் போய் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார். 1922இல்தான் அதே நிறுவனம் அவரைப் பொறியாளராகச் சேர்த்துக்கொண்டது. எம்.ஐ.டி. பட்டம் ஸ்வோப்பைத் தலைவர் நாற்காலிக்குக் கொண்டுபோன அதே ஆண்டில், அதே கல்லூரியின் பட்டம் கிளார்க்குக்குப் பொறியாளர் என்ற பெயரை மட்டுமே வாங்கித் தந்தது. கறுப்பின இளைஞர்களுக்கோ இந்தக் கதவே பெரும்பாலும் பூட்டிக் கிடந்தது. நான் மேலே கொடுத்த அறிவுரை எல்லோருக்கும் செல்லாது என்பதை இந்த உண்மை சொல்கிறது. அதைப் படித்துவிட்டு எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

கலைப் படிப்பும் சட்டமும்

வால்டர் கிஃபோர்டு ஹார்வர்டில் படித்தவர். வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் வாரம் 10 டாலருக்கு எழுத்தராகத் தொடங்கி, 1925இல் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தின் தலைவரானார். அவருக்கு முன்னால் அந்த நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய தியோடர் வெயில் கல்லூரி காணாத தந்திக்காரர். தலைமுறை மாறியது இங்கே பளிச்சென்று தெரிகிறது.

ஏ.டி. அண்ட் டி.யின் கீழ் இருந்த பெல் தொலைபேசி நிறுவனங்களில் வேலை பார்த்த ஏறத்தாழ 3,800 பட்டதாரிகளின் கல்லூரி மதிப்பெண் வரிசையையும் சம்பளத்தையும் அந்த நிறுவனம் ஒப்பிட்டுப் பார்த்தது. முடிவை 1928இல் கிஃபோர்டு ஒரு பத்திரிகையில் எழுதினார். கல்லூரியில் முன்வரிசையில் இருந்தவர்களே நல்ல சம்பளத்திலும் அதிகம் இருந்தார்கள். அனுபவம் கூடக்கூட இடைவெளியும் கூடியது. நண்பர்களும் விளையாட்டும்தான் கல்லூரியின் பயன், படிப்பில் கெட்டிக்காரன் வியாபாரத்துக்கு ஆகமாட்டான் என்று பேசிவந்தவர்களுக்கு அது பெரிய அடி.

சட்டம் படித்தவர்களுக்குத் தனி வாசல் இருந்தது. நிறுவனம் அரசோடும் வங்கியோடும் மோத வேண்டிய நாளில் அவர்களைத் தேடினார்கள். யு.எஸ். ஸ்டீல் இயக்குநர் குழுவின் அவைத் தலைவர் எல்பர்ட் கேரி வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். நிறுவனத்தை உடைக்க அரசு 1911இல் போட்ட வழக்கில் 1920இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தபோது அவர்தான் பொறுப்பில் இருந்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்து பாஸ்டனில் சட்டம் படித்த ஓவன் யங், ஜெனரல் எலக்ட்ரிக்கின் வழக்கறிஞராகச் சேர்ந்து 1922இல் அவைத் தலைவரானார். ஆனால் இது சிலருக்கான வாசல். ஒரு நிறுவனத்துக்குப் பொறியாளர்கள் நூற்றுக்கணக்கில் தேவை, இப்படிப்பட்ட வழக்கறிஞர் ஓரிருவர் போதும்.

வணிகப் பள்ளி

இரும்பு, நிக்கல் தொழிலதிபர் ஜோசப் வார்ட்டன் கொடுத்த ஒரு இலட்சம் டாலரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1881இல் வணிகப் பள்ளி தொடங்கியது. டார்ட்மத் கல்லூரியில் 1900இலும் ஹார்வர்டில் 1908இலும் பட்டதாரிகளுக்கான பள்ளிகள் வந்தன. நம் இளைஞன் 1910 வாக்கில் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டிருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். காரணம் எளிமையானது: சொல்லிக்கொடுக்கப் பாடமே அப்போது முழுதாக உருவாகியிருக்கவில்லை. நிறுவனங்களில் உண்மையில் நடந்ததை வகுப்பில் அலசும் ஹார்வர்டின் புகழ்பெற்ற நேர்வு முறைக்கு (கேஸ் மெத்தட்) 1920களில் ஆட்களை நிறுவனங்களுக்கு அனுப்பி, அங்கே நடந்ததை எழுதி வாங்கிவர வேண்டியிருந்தது. அறிவு அப்போது நிறுவனத்துக்குள் இருந்தது, பள்ளி அதைச் சேகரித்துக்கொண்டிருந்தது. அறிவு இருக்கும் இடத்துக்கே நேராகப் போவது மேல்.

1924இல் ஜார்ஜ் பேக்கர் என்ற வங்கியாளர் ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு 50 இலட்சம் டாலர் கொடுத்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முழுதாக மாறிவிட்டது. ஹென்றி ஃபோர்டு, கல்லூரி வல்லுநர்களை நம்பாதவர். அவர் பேரன் 1946இல் விமானப்படையின் புள்ளிவிவரப் பிரிவிலிருந்து பத்து இளைஞர்களை மொத்தமாக வேலைக்கு எடுத்தார். அவர்களில் ஹார்வர்டு எம்.பி.ஏ. படித்த ராபர்ட் மெக்னமாரா 1960இல் ஃபோர்டின் தலைவரானார். மறு ஆண்டு, 1961இல், நம் நாட்டில் அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் துணையோடும், கல்கத்தா ஐ.ஐ.எம். ஸ்லோனின் பெயரைப் பின்னர் தாங்கிய எம்.ஐ.டி. பள்ளியின் துணையோடும் தொடங்கின. தெரு முனையில் தொங்கும் எம்.பி.ஏ. விளம்பரப் பலகைகளுக்கு அங்கிருந்து நேர்க்கோடு போடலாம்.

மெக்னமாராவின் வகையினரிடம் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஸ்வோப்பும் கசாட்டும் எண்களுக்கு முன்னால் இரும்பைத் தொட்டவர்கள். எண்களோடு மட்டுமே வளர்ந்தவருக்கு, காகிதத்தில் வராத விஷயம் இருக்கிறது என்று தெரிய வாய்ப்புக் குறைவு.

இரண்டையும் சேர்த்துப் படிப்பது

1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 27 மாணவர்களோடு ஒரு சோதனை செய்தார். வகுப்பறையும் பட்டறையும் மாறி மாறி. பட்டறையில் கூலி உண்டு. அந்தக் கூலி படிப்புச் செலவுக்கு உதவியது. 1919இல் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் தொடங்கிய பள்ளி ஒன்றை 1926இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கையில் எடுத்து இதே முறையில் நடத்தியது. ஆலையில் சேர்ந்தவருக்குப் படிப்பும், படிக்கிறவருக்கு ஆலையும் அங்கே கிடைத்தன. மேலே சொன்ன எல்லா வழிகளிலும் இதுவே நியாயமானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஷ்வாபின் கூட்டாளிகளுக்குக் கிடைக்காமல் போனது ஏணியின் இந்தப் படிதான்.

ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் ஆலையில் 39 ஆண்டுகள் வார்ப்பச்சுத் தொழிலாளியாக இருந்தவரின் மகள் மேரி பாரா, 1980இல் பதினெட்டு வயதில் அந்த ஃபிளின்ட் கல்லூரியில் சேர்ந்து, படிப்புச் செலவுக்காக ஆலையில் காரின் வெளித்தகடுகளைச் சோதிக்கும் வேலை பார்த்தார். மின்பொறியியல் பட்டத்துக்குப் பிறகு நிறுவனத்தின் உதவித்தொகையில் ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. படித்தார். 2014இல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைமை நிர்வாகி ஆனார். அதற்குள் நிறுவனம் அந்தக் கல்லூரியைத் தன் பொறுப்பிலிருந்து விலக்கிவிட்டிருந்தது. 1982இல் அது தனித்து நிற்க விடப்பட்டது.

இன்று எம்.பி.ஏ.வா, வேலையா என்று தயங்குகிறவருக்கு என் பரிந்துரை இது. சேரப்போகும் நிறுவனம் முதல் இரண்டு ஆண்டுகளில் எத்தனை பிரிவுகளில் வேலை செய்ய விடும் என்று கேளுங்கள். மேற்படிப்புக்கு அது உதவுமா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் வேலைக்குப் போங்கள், எம்.பி.ஏ. நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால், கடன் வாங்கிப் படிக்கும் முன்பு அப்படிப் பதில் சொல்லக்கூடிய இன்னொரு நிறுவனத்தைத் தேடுங்கள்.